இரண்டு பெயரில் ஓர் எடை

எனக்கு அந்த மனிதரை முதல் நாளே பிடிக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. இப்படி ஆரம்பித்துப் போகப் போகச் சிநேகமாகிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அது நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று இருவரில் ஒருவரும் ஆசைப்படவும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கைக்குழந்தைகளின் ஊட்டத்தைப் பற்றி ஆய்வு செய்யும் சின்ன நிறுவனம். அதை நடத்தியவர் ஓய்வு பெற்ற குழந்தை மருத்துவர். எல்லோரும் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டோம். நான் புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, குரோம்பேட்டையிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தேன்.

நான் சேர்ந்த இடத்தில் தன் மனைவியின் தம்பியை உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தவர்தான் அந்த மனிதர். கம்ப்யூட்டர் வேலை முழுவதும் அவர் கையில் இருந்ததால் ஆபீஸில் அவருக்கு சீனியர் என்றே பெயர். சேலையூர்ப் பக்கத்துப் பூர்வீகக் குடும்பம். தாத்தா காலத்து வயல்களெல்லாம் மனைகளாகிவிட, அவர் மட்டும் எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தார். கலகலப்பான ஆள். பியூனிலிருந்து டாக்டர் வரை எல்லோரையும் சிரிக்க வைப்பார். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முந்தின நாளே போய்ப் பந்தியைக் கவனிப்பார். அதனால் ஆபீஸே அவர் பக்கம்.

முதல் நாள் டாக்டர் என்னை ஏ.ஸி. அறைக்கு அழைத்துப் போய் அறிமுகப்படுத்தினார். அந்த அறையில்தான் இரண்டு கம்ப்யூட்டர்களும் இருந்தன. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். டாக்டர் வெளியே போனதும் சீனியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஸ்டாடிஸ்டிக்ஸா? புத்தகத்துல படிச்சீங்களா, இல்ல மெஷின்ல ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டியிருக்கேன் சார்."

"காலேஜ்ல ஓட்டுறதெல்லாம் ஓட்டுறது இல்லம்மா. இங்க ஒரு பட்டன் தப்பா அமுக்கினா ஒரு ஊர் குழந்தைங்களே காணாம போயிடும்."

"அப்படின்னா காப்பி எடுத்து வைக்கலையா சார்?" என்று கேட்டேன்.

நான் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். ஆனால் பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த டேட்டா என்ட்ரிப் பெண் குனிந்துகொண்டு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவர் என் கணக்கில் எழுதிவைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து, ஃபைல்களின் நகல்கள் இருந்த ஃப்ளாப்பிப் பெட்டிக்குப் பூட்டு வந்தது. சாவி அவர் சட்டைப் பையில்.

எங்கள் ஆய்வு எளிமையானது. ஐந்து மாதமான குழந்தைகளுக்குத் தாய்ப்பாலோடு ஒரு சத்துமாவுக் கஞ்சி கொடுக்கச் சொல்லி, மாவை நாங்களே வீடுவீடாகத் தருவோம். களப்பணியாளர்கள் ஆறு மாதத்துக்கு மாதாமாதம் போய் ஸ்பிரிங் தராசைக் கதவு நிலையில் மாட்டிக் குழந்தையை எடை போட்டு வருவார்கள். திருநீர்மலைச் சுற்று, குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி என்று மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல். ஃபைலில் ஒரு குழந்தைக்கு ஒரு வரி. அந்த வரியில் வயது, பிறந்த இடம், ஆய்வில் சேர்ந்த முதல் மாத எடை, இரண்டாம் மாத எடை என்று கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். அதை மாறி என்று பாடப் புத்தகத்தில் எழுதுவார்கள், நாங்கள் வேரியபிள் என்போம்.

நாங்கள் பயன்படுத்திய புள்ளியியல் மொழியில் அந்தப் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக்கூடாது. அதுவும் ஆங்கில எழுத்து. எனவே எல்லோரும் பெயரைச் சுருக்குவார்கள், ஆளாளுக்கு ஒரு மாதிரி. முதல் மாத எடைக்கு ஒருத்தி WT1 என்று வைப்பாள். இன்னொருத்தி அதையே WGT1 என்று வைப்பாள். திருநீர்மலை ஃபைலில் அப்படித்தான் நடந்திருந்தது. காலையில் ஒரு பெண்ணும் மத்தியானம் ஒரு பெண்ணுமாக இரண்டு பேர் டைப் அடித்தார்கள். காலையில் வந்தவள் அடித்த குழந்தைகளுக்கு எடை WT1-இல் இருந்தது. மத்தியானம் வந்தவள் அடித்தவர்களுக்கு WGT1-இல் இருந்தது. பொருள் ஒன்று, பெயர் இரண்டு.

கூடுவாஞ்சேரிக் குழந்தைகளின் விவரம் எங்கள் ஆபீஸில் டைப் ஆகவே இல்லை. வேலை குவிந்துவிட்டதால் அதை வெளியே ஒரு டைப்பிங் சென்டரில் கொடுத்து அடித்து வாங்கியிருந்தார்கள். அவர்கள் என்ன பெயர் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று யாரும் கேட்டு வாங்கவில்லை. ஃபைல் வந்ததே போதும் என்றிருந்தது.

இந்த மூன்று ஃபைலையும் ஒன்றாக்கும் வேலையை எனக்குத் தருவதாகத்தான் டாக்டர் சொல்லியிருந்தார். சீனியர் விடவில்லை. "அந்தப் பொண்ணுக்கு ஃபைலெல்லாம் பழகட்டும் டாக்டர்" என்று சொல்லி, தானே ஒரு சனிக்கிழமை வந்து ஒன்றாக்கி முடித்துவிட்டார். எனக்குக் கிடைத்தது அச்சடித்த தாள்களில் கோடு போட்டு ஒட்டுகிற வேலை.

நாங்கள் ஒரே அறையில் இரண்டு மேசைகளில் உட்கார்ந்திருந்தோம். ஏ.ஸி.யின் காற்று என் கழுத்துக்கு நேராக வரும்படி அவர் தகட்டைத் திருப்பி வைப்பார். அவர் டீ குடிக்கப் போனதும் நான் அதை அவர் நாற்காலிப் பக்கம் திருப்புவேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் நடுவில் இருக்கும் டேட்டா என்ட்ரிப் பெண்ணிடம் சொல்வார். "மேடம் கிட்ட சொல்லும்மா, பிரின்டர் ரிப்பனை எல்லாரும் யூஸ் பண்ணணும்னு." அவள் என்னைப் பார்ப்பாள். "சார் கிட்ட சொல்லு, நான் ரெண்டு பக்கம்தான் எடுத்தேன்னு" என்பேன். அவள் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிற கிறிஸ்தவப் பெண். ஒருநாள் பாத்ரூம் பக்கத்தில் என்னை நிறுத்திச் சொன்னாள். "அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஏன்க்கா சாவணும்? நேரா பேசிக்குங்க."

"நீ டேபிளை மாத்திக்கோ" என்றேன். இன்று நினைத்தாலும் அந்த யோசனை சரிதான் என்றே படுகிறது.

ஆய்வின் முடிவு வந்து, அதைப் பேச எல்லோரும் கூடியபோது டாக்டர் உண்மையாகவே மகிழ்ந்துபோனார். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் எங்கள் மாவைச் சாப்பிட்டு, வீட்டில் பிறந்த குழந்தைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை கூடியிருந்தார்கள். அப்படித்தான் சீனியரின் அட்டவணை சொன்னது. டாக்டருக்கே முதலில் ஆச்சரியம். "இவ்வளவா?" என்று கேட்டார். சீனியர் அதற்கு ஒரு விளக்கமும் தயாராக வைத்திருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற அம்மாவுக்குக் கொஞ்சம் விவரம் இருக்கும் டாக்டர். சொன்ன அளவுல கலக்கிக் கொடுப்பா. வீட்லயே பெத்துக்கிறவங்க மாவை வாங்கி, பெரிய பசங்களுக்கு அடை தட்டிக் கொடுத்துடறாங்க. நம்ம மாவு வேஸ்ட் ஆகுது."

கூட்டத்தில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். படித்தவர்கள் கேட்க விரும்பும் விளக்கம் அது. அட்டவணையைப் பற்றி நான் மட்டும் ஒன்று கேட்டேன்.

"மூணு ஏரியாவையும் தனித்தனியா பிரிச்சுப் பார்த்தா என்ன வருது சார்?"

"பிரிச்சா சாம்பிள் சின்னதாயிடும்" என்றார் என்னைப் பார்க்காமல். "உங்க புத்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கும்."

சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். பிறகு திட்டத்தைச் சொன்னார். அடுத்த கட்டத்தில், வீட்டுப் பிரசவம் அதிகமாக இருக்கிற திருநீர்மலைப் பக்கத்துக் குடிசைப் பகுதிகளில் மாவு கொடுப்பதை நிறுத்திவிடலாம் என்றார். பயன் இருக்கிற இடத்தில் கூடுதலாகக் கொடுக்கலாமாம். டெல்லியில் நடக்கவிருந்த ஒரு மாநாட்டில் இதைப் பேசப்போவதாகவும் சொன்னார்.

அந்தக் குடிசைகளுக்கு நான் ஒரு முறை களப்பணியாளர்களோடு போயிருந்தேன். மாவுப் பொட்டலத்தை வாங்கின ஒரு பெண், அங்கேயே எங்கள் கண்ணெதிரே கலக்கி, குழந்தைக்கு ஊட்டிவிட்டு, விரலையும் வழித்து அதன் வாயில் வைத்தாள். அடை தட்டிவிடுகிறார்கள் என்ற வார்த்தை காதில் விழுந்தபோது எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

சீனியரிடம் அவருடைய புரோகிராமைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். நேராகத்தான் கேட்டேன், நடுவில் யாரையும் வைக்காமல்.

"எதுக்கு?"

"எப்படி ஒண்ணாக்கினீங்கன்னு பாக்கணும் சார்."

"என்ன பெரிய ரகசியம். WT1 இருந்தா அதை எடு, காலியா இருந்தா WGT1-ஐ எடு. ஆறு மாசத்துக்கும் இதேதான். முடிஞ்சுது. இதுக்கு எம்.எஸ்ஸி. வேணுமா?"

சொல்லிவிட்டார், ஆனால் காட்டவில்லை. ஃப்ளாப்பிப் பெட்டியும் பூட்டித்தான் இருந்தது. இருந்தாலும் மூல ஃபைல்களின் பிரதி டேட்டா என்ட்ரிப் பெண்ணின் மெஷினில் இருந்தது. அவளிடம் கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது அக்கா, நான் சாப்பிடப் போறேன்" என்று சொல்லிவிட்டு மெஷினை அணைக்காமல் எழுந்து போனாள்.

நான் செய்தது சின்னச் சோதனை. இரண்டு பெயரும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன என்றால், ஒரு குழந்தைக்கு இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்க வேண்டும். ஒரு குழந்தையை ஒருத்திதான் டைப் அடித்திருப்பாள். எனவே WT1, WGT1 இரண்டும் நிரம்பியிருக்கும் குழந்தைகளை மட்டும் எடுத்துக் காட்டு என்று எழுதி ஓட்டினேன். திருநீர்மலையில் ஒருவர்கூட இல்லை. குரோம்பேட்டை ஃபைலில் WGT1 என்ற பெயரே கிடையாது. கூடுவாஞ்சேரி ஃபைலில் திரை நிரம்பி, கீழே ஓடி, நிற்காமல் ஓடியது.

நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு குழந்தைக்கு WT1-இல் 2.6 கிலோ. WGT1-இல் 6.1. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். WT1 எங்கும் மூன்று கிலோவைச் சுற்றியே இருந்தது. ஐந்து மாதக் குழந்தை எதுவும் அந்த எடையில் இருக்காது. இருந்தால் அது மாவுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய குழந்தை. WT1-க்குப் பின்னால் WT2 என்று ஒன்றும் இல்லை. WGT1-க்குப் பின்னால்தான் WGT2, WGT3 என்று வரிசையாக இருந்தன.

டைப்பிங் சென்டர்காரர்கள் பிறந்த எடைக்கு WT1 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாதாந்திர எடைக்கு WGT1. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குத்தான் பிறந்த எடை தெரியும். வீட்டில் பிறந்ததற்குத் தெரியாது, கட்டம் காலி. சீனியரின் புரோகிராம் ஆஸ்பத்திரிக் குழந்தைக்கு மட்டும் பிறந்த எடையை எடுத்து ஐந்தாம் மாத எடை என்று வைத்துக்கொண்டது. கட்டம் காலியாக இருந்த வீட்டுக் குழந்தைக்குச் சரியான எடையை எடுத்தது. ஆஸ்பத்திரிக் குழந்தை பிறந்ததிலிருந்து ஐந்து மாதம் தாய்ப்பாலில் வளர்ந்த வளர்ச்சி முழுவதையும் எங்கள் மாவின் பெயரில் எழுதிவிட்டது. மெஷின் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னபடி செய்தது.

எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன். சந்தோஷமாக இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்.

அவர் டீ குடித்துவிட்டு வந்ததும் அந்தப் பட்டியலை அவர் மேசையில் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் தாளை எடுக்காமல், விரலால் ஒரு மூலையைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார்.

"யார் மெஷின்ல எடுத்தீங்க?"

"எடை ரெண்டும் வேற வேற சார். பாருங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க மேடம். யாரைக் கேட்டு ஃபைலைத் தொட்டீங்க?"

"இது பிறந்த எடை. நீங்க இதை அஞ்சாம் மாச எடைன்னு எடுத்திருக்கீங்க."

"அந்த சென்டர்ல அடிச்சது தப்பா இருக்கும். டேட்டான்னா கொஞ்சம் அழுக்கு இருக்கத்தான் செய்யும். வெளுத்துக்கினே இருந்தா துணி கிழிஞ்சிடும்." அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு மாறிவிடும். "இன்னா, வந்து ஒரு வருஷம் ஆவல, என் வேலையில நோண்டிக்கினு கீறீங்க? டாக்டர் கிட்ட போயி நல்ல பேர் வாங்கணுமா? போங்க. அப்புறம் பாக்கலாம்."

தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தேன்.

பட்டியலை மட்டும் கொண்டுபோனால், இதுவும் டைப்பிங் பிழை என்று அவர் சொல்லிவிடுவார் என்று தெரிந்தது. எனவே அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, பட்டியலில் இருந்த ஒரு குழந்தையின் வீட்டைத் தேடிக் கூடுவாஞ்சேரிக்குப் போனேன். ஸ்டேஷனைத் தாண்டி, கல் நட்டுப் பிரித்திருந்த மனைகளுக்கு நடுவே நடந்தேன். நல்ல வெயில். வீட்டு வாசலில் ஒரு பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மாவு ஆபீஸிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னேன்.

"மாவு போன வாரமே வாங்கிட்டோமே."

"மாவுக்கு இல்லம்மா. பாப்பா அஞ்சு மாசத்துல ரெண்டு கிலோ அறநூறுன்னு எழுதியிருக்கு. அது சரியான்னு கேட்க வந்தேன்."

அவள் கையிலிருந்த துணியைப் பக்கெட்டில் போட்டாள்.

"இன்னா சொல்ற நீ? அஞ்சு மாசத்துல ரெண்டரை கிலோவா? நான் பிள்ளையைப் பட்டினி போட்டேன்னு சொல்ல வந்தியா?"

"இல்லம்மா, அது தப்புன்னுதான் —"

"எந்த நாதாரி எழுதினது? பொறந்தப்போ அது ரெண்டு அறநூறு. குரோம்பேட்டை ஆஸ்பத்திரில நர்ஸம்மா என் கண்ணு முன்னாடி போட்டுச் சொன்னாங்க. அஞ்சு மாசத்துல உங்க ஆளு வந்து இதோ இந்த நிலையில தொங்கவிட்டாரு, ஆறு கிலோ. தெருவே பாத்துச்சு. பொய் எழுதிக்கினு இங்க வந்து கேக்குறியா?"

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளிடமும் இவள் சொன்னாள். "பாருக்கா, என் பொண்ணு ரெண்டரை கிலோவாம். படிச்சவங்க சொல்றாங்க." இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேட்ட கேள்விகளுக்கு நான் பதில் சொல்லி முடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. "இனிமே எங்க வூட்டுக்கு வராத. அந்தத் தராசுக்காரரை அனுப்பு" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே போனது. கன்னம் கொழுகொழுவென்று இருந்தது.

வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "அவ கேட்டதுல என்ன தப்பு?" என்றாள் அம்மா.

மறுநாள் காலை நேராக டாக்டரின் அறைக்குப் போனேன். பட்டியலையும் வைத்தேன், அந்தத் தாய் சொன்னதையும் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார். அவர் குழந்தை மருத்துவர். ஐந்து மாதக் குழந்தை எவ்வளவு எடை இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் பக்கம் திருப்பும்போதே முகம் சிவந்துவிட்டது. மணியடித்து சீனியரைக் கூப்பிட்டார்.

சீனியர் வந்து நின்றதும் டாக்டர் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"இதை ஏம்மா இப்போ சொல்ற? நான் டெல்லி மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பிட்டேன். அச்சுக்கே போயிருக்கும்."

"எனக்கு ஃபைலையே காட்டலை டாக்டர். முந்தாநாள்தான் பாத்தேன்."

"காட்டலைன்னா கேக்கணும்."

"கேட்டேன்."

"டாக்டர்," என்றார் சீனியர், மிகவும் அமைதியாக, "இவங்க ஆபீஸ்ல யார் கிட்டயும் ஒத்துப் போறதில்லை. நேத்து லீவு போட்டுட்டு, நம்ம ஸ்டாஃப் யார் கிட்டயும் சொல்லாம ஃபீல்டுக்குப் போயி ஒரு வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்காங்க. அந்த அம்மா இனிமே எடை போட விடமாட்டேன்னு நம்ம ஆளு கிட்ட சொல்லியிருக்காங்க."

அவருக்கு அதற்குள் செய்தி வந்திருந்தது. சொன்னதில் பாதி உண்மைதான், அதுதான் எரிச்சல்.

டாக்டர் தாள்களை அடுக்கி மேசையில் வைத்தார். பிறகு, "ரெண்டு பேரும் ஒரே மெஷின்ல உக்காருங்க. முதல்ல இருந்து ஒண்ணாக்குங்க. ரெண்டு பேரும் ஒத்துக்காத ஒரு எண்ணும் என் மேசைக்கு வரக்கூடாது" என்றார்.

அந்த மத்தியானத்தைப் போல ஒன்றை நான் பிறகு அனுபவித்ததில்லை. அவர் நாற்காலியில் நான், பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவர். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. அவர் சட்டையில் சிகரெட் நாற்றம். நான் தட்டும் ஒவ்வொரு வரிக்கும் அவருக்கு ஒரு கேள்வி இருந்தது.

முதலில் எதையும் சேர்க்காமல் பெயர்களை மாற்றினேன். திருநீர்மலை ஃபைலில் இருப்பதற்கெல்லாம் முன்னால் T, கூடுவாஞ்சேரிக்கு G, குரோம்பேட்டைக்கு C. அந்த மொழியில் இரண்டு ஃபைலை ஒட்டும்போது ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால், பொருள் வேறானாலும் இரண்டையும் சத்தமில்லாமல் ஒரே கட்டத்தில் போட்டுவிடும். பெயரைப் பிரித்துவிட்டால் அதற்கு வழியில்லை.

"இதுக்கே அரை நாள் போயிடும்" என்றார்.

"போகட்டும் சார்."

அடுத்து, ஒரே மாதிரிப் பெயருள்ள ஒவ்வொரு ஜோடியையும் எடுத்து, இரண்டும் நிரம்பிய குழந்தைகள் உண்டா என்று பார்த்தேன். இல்லையென்றால் சேர்க்கலாம். இருந்தால் இரண்டு எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வேறு என்றால் அவை ஒரே பொருள் அல்ல, சேர்க்கவே கூடாது. கூடுவாஞ்சேரியின் WT1-க்குப் பிறந்த எடை என்று தெளிவாகத் தெரிகிற மாதிரி BIRTHWT என்று பெயர் வைத்தேன். எட்டு எழுத்துக்குள் அது அடங்கிவிட்டது. அவர் அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாக, சேர்த்த ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் அது எந்த ஃபைலிலிருந்து, எந்தப் பழைய பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கட்டம் வைத்தேன். நாளைக்கு யாராவது கேட்டால் தேடிப் போகலாம்.

"இவ்ளோ கட்டம் எதுக்கு? டிஸ்க்ல இடம் இல்ல."

"போன தடவை இருந்திருந்தா இன்னிக்கு நாம இப்படி உக்காந்திருக்க மாட்டோம்."

"நாக்கைக் கொஞ்சம் அடக்கிப் பேசுங்க மேடம்."

"நீங்க ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க சார்."

நடுவில் கரண்ட் போய்விட்டது. இருட்டு இல்லை, பகல்தான். ஆனால் ஏ.ஸி. நின்று, மெஷின் அணைந்து, அறையில் எங்கள் இரண்டு பேர் வேர்வை மட்டும் இருந்தது. கரண்ட் வரும்வரை அவர் ஸ்டூலிலும் நான் நாற்காலியிலும் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரும் எழுந்து வெளியே போகவில்லை. யார் முதலில் எழுந்தாலும் மற்றவர் மெஷினில் ஏதாவது செய்துவிடுவார் என்ற பயம். டேட்டா என்ட்ரிப் பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டு போனாள்.

மாலையில் முடிவு வந்தது. ஆஸ்பத்திரிக் குழந்தைகளும் வீட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எடை கூடியிருந்தார்கள். மாவு எல்லா இடத்திலும் கொஞ்சம் வேலை செய்திருந்தது. பிரமாதமாக எங்கும் இல்லை. திருநீர்மலைக் குடிசைகளில் மற்ற இடங்களுக்குக் குறையாமல் செய்திருந்தது. பிரின்டர் அதைக் கரகரவென்று அடித்துத் தள்ளியது. சீனியர் தாளைக் கிழித்து எடுத்து, கீழே கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். நானும் போட்டேன்.

குடிசைகளுக்கு மாவு நிற்கவில்லை. டாக்டர் டெல்லிக்குப் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை நன்றி வரவில்லை. நான் எதிர்பார்த்தேன். வராதபோது வலித்தது. அவருடைய மகிழ்ச்சியைக் கெடுத்தவள் என்ற பார்வை அவர் கண்ணில் கடைசிவரை போகவில்லை. மத்தியான டிபனுக்கு எல்லோரும் சேர்ந்து உட்காரும் மேசையில், நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவர்களுடைய கலகலப்பான ஆளை டாக்டரிடம் மாட்டிவிட்டவள் நான். என்ன தவறு, யார் குழந்தை, எந்த எடை என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டாத விஷயம். டேட்டா என்ட்ரிப் பெண் மட்டும் என்னோடு ஸ்டேஷன் வரை நடந்து வருவாள், ஆபீஸ் தெருவைத் தாண்டிய பிறகு.

சீனியர் அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. நடுவில் ஆள் வைத்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். நானும் பேசவில்லை. ஒரே அறையில், கையெட்டும் தூரத்தில், வருஷக்கணக்காக. அவர் கல்யாணப் பந்திகளைக் கவனித்தார், எல்லோரையும் சிரிக்க வைத்தார். ஃபைல்களை ஒன்றாக்கும் வேலை என்னிடம் வந்துவிட்டது, அதை யாரும் அறிவிக்கவில்லை. பெயரை மாற்றாமல் எதையும் சேர்க்க மாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்ததால் அறிக்கைகள் தாமதமாயின. தாமதத்துக்கும் நான்தான் காரணம் என்றார்கள். அது உண்மை. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

கடைசியில் அவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனார். வழியனுப்பு விழாவில் கேசரியும் மிக்ஸரும் கொடுத்தார்கள். அவர் பேசும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வேடிக்கை சொன்னார். என் முறை வந்ததும், "மேடம் எதையும் நம்ப மாட்டாங்க. என் பேரே இதுதானான்னு செக் பண்ணிட்டுத்தான் விடுவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தேன். சில வருஷம் கழித்து, ஒரு சாயங்காலம், தாம்பரம் பிளாட்பாரத்தில். தலை நரைத்திருந்தது, கையில் பை. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். அடையாளம் தெரிந்தது என்பது இரண்டு பேர் முகத்திலும் தெரிந்தது. ரயில் வந்தது. அவர் ஏறின பெட்டியில் நான் ஏறவில்லை.